வண்டிக் கொட்டகை வேலை அறையாகும் வழி

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. குடியிருக்கும் வீட்டைக் கருதி அவர்கள் அதைச் சொன்னார்கள். இன்று வீடு இருந்தும், அந்த வீட்டுக்குள் அமர்ந்து ஒரு தொழிலைச் செய்ய நினைப்பவருக்குத் தனி வளை கிடைப்பது அரிதாகிவிட்டது. மொழிபெயர்ப்பவர், தையல் தைப்பவர், படம் வரைபவர், வீணை பயில்பவர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர் ஆகிய எல்லோருக்கும் வேண்டியவை நான்கு சுவர், ஒரு கதவு, எழுத்துத் தெரியும் அளவு வெளிச்சம், வைத்த பொருள் மறுநாளும் வைத்த இடத்திலேயே இருக்கும் என்ற உறுதி, இவ்வளவே. சாப்பாட்டு மேசையில் அந்த உறுதி கிடைப்பதில்லை. இலை போடும் நேரம் வந்ததும் அகராதியை மூடியாக வேண்டும்.

ஆயினும், நம்மில் பலருடைய வீட்டு ஓரத்தில் யாரும் எண்ணிப் பாராத ஓர் அறை காத்துக் கிடக்கிறது. பழைய கார் ஷெட்தான் அது. அதற்கும் முந்திய வீடுகளில் வில்வண்டி நின்ற கொட்டகை. வண்டி போய்விட்டது, உடைந்த நாற்காலியும், பயனற்ற தகர டப்பாக்களும், தேங்காய் மட்டையும் அங்கே குடியேறிவிட்டன. இத்தகைய இடத்தைத் திருத்தி, மனிதர் அமர்ந்து வேலை செய்யத்தக்க அறையாக மாற்றுவது எப்படி என்பதை, சித்தூரிலும் திருப்பதியிலும் இரண்டு கொட்டகைகளை மாற்றிய அநுபவத்தைக் கொண்டு சொல்ல விரும்புகிறோம். பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இது பயன்படும் என்பது எங்கள் நம்பிக்கை.

முதலில், கொட்டகையில் வேலை செய்வது குறைவான காரியம் என்ற எண்ணத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். பாரிஸ் நகரில் மேரி கியூரியும் அவர் கணவர் பியர் கியூரியும் ரேடியத்தைப் பிரித்தெடுக்க உழைத்த இடம் ஒரு கொட்டகையே. முன்பு மருத்துவ மாணவர் பிணங்களை அறுத்துப் பயின்ற இடம் அது. அமெரிக்காவில் பாலோ ஆல்டோ என்ற ஊரில், வாடகை வீட்டு மோட்டார் கொட்டகை ஒன்றில் ஹியூலெட், பாக்கார்ட் என்ற இரு நண்பர்கள் ஒலி அலைகளை உண்டாக்கும் கருவியைச் செய்தனர். 1939இல் அவர்கள் தொடங்கிய நிறுவனம் பின்னர் உலகப் புகழ் பெற்றது. நம் நாட்டில், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் விண்ணை நோக்கிச் சென்றபோது, அங்கிருந்த மாதா கோயில் கட்டடமே விஞ்ஞானிகளுக்கு வேலைக் கூடமாக இருந்தது. சென்னையில் ஏ. ஆர். ரஹ்மான் தம் வீட்டுப் புறக்கடையில் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொண்டு வேலை செய்தார். 1992இல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் பாட்டுகள் அவர் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன.

இவற்றைக் கேட்டு ஒருவர், 'அப்படியானால் கொட்டகையை உள்ளபடியே விட்டுவிட்டு மேசையைப் போட்டுக்கொண்டால் போதாதா?' என்று கேட்கலாம். போதாது. கியூரி தம்பதியரின் கொட்டகை மழையில் ஒழுகியது, கோடையில் புழுங்கியது, குளிர்காலத்தில் விறைத்தது. அவர்கள் அதைத் தாங்கிக்கொண்டார்கள். கண்டுபிடிப்பு கொட்டகையின் குறையால் நேர்ந்ததன்று. குறையையும் மீறி நேர்ந்தது. நமக்குக் குறையைத் தீர்க்க வழி இருக்கும்போது அதைத் தாங்கிக்கொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை.

வீட்டையே தொழிற்கூடமாக வைத்துக்கொள்வது சித்தூர்ச் சீமைக்குப் புதியதும் அன்று. நகரியில் தறி ஓசை கேட்காத தெருவைக் காண்பது அரிது. நெசவுத் தொழிலில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பல, உண்பதும் உறங்குவதும் தறி ஓடும் கூரையின் கீழேயே. ஸ்ரீகாளஹஸ்தியில் மூங்கிற் குச்சியின் முனையில் துணி சுற்றிய எழுதுகோலைக் கொண்டு கலம்காரி வரைவோர், கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் தோய்த்து உலர்த்திய துணியை வீட்டுக் கூடத்திலேயே விரித்து வரைகின்றனர். 1911இல் உருவாகி, 1953 வரை சென்னை மாகாணத்தின் பகுதியாய் இருந்த அந்தப் பழைய சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரல் 4 முதல் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் மாறினாலும், இரு ஊர்களின் பழைய தெருக்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் தொடர்ந்து வாழ்ந்து வருகின்றன. அவற்றுள் எங்கள் குடும்பமும் ஒன்று.

எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சித்தூரில் நாங்கள் இருப்பது மாமனார் கட்டிய வீடு. அதன் வடமேற்கு மூலையில் மங்களூர் ஓடு வேய்ந்த கார் ஷெட் ஒன்று, பதினெட்டு அடி நீளமும் பத்து அடி அகலமுமாய் நின்றது. அதில் அவருடைய அம்பாஸிடர் கார் முப்பது ஆண்டு நின்றது. அவர் மறைந்த பின் காரை விற்றோம். ஆனால் ஷெட்டின் சாவியை மாமியார் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டார். 'அங்கே அவர் வாசனை இருக்கிறது' என்பார். உண்மையில் அங்கே இருந்தது என்ஜின் எண்ணெயின் வாசனை. ஆயினும் அதைச் சொல்லும் துணிவு எங்களுக்கு வரவில்லை.

எங்களுக்கோ இடம் தேவைப்பட்டது. மத்திய அரசில் மொழிபெயர்ப்பு வேலை. அலுவலகத்தில் முடியாதது வீட்டுக்கு வரும். மனைவிக்குத் தையல் இயந்திரம் வைக்க இடம் இல்லை. இவற்றைக் காட்டிலும் மனத்தை உறுத்திய செய்தி வேறொன்று. எங்கள் மூத்த பெண்ணுக்கு அப்போது வயது பதினொன்று. பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் இந்தியும் படித்தாள். தமிழில் தங்குதடையின்றிப் பேசுவாள். ஆனால் படிக்கத் தெரியாது. கும்பகோணத்திலிருந்து அவளுடைய அப்பாயி எழுதும் கடிதங்களை எடுத்துக்கொண்டு வந்து, 'இதில் என்ன எழுதியிருக்கிறது?' என்று கேட்பாள். நாள் முழுதும் தமிழில் எழுதி ஊதியம் பெறுகிற வீட்டில் அந்தக் கேள்வி எழுந்தது. உட்கார வைத்துச் சொல்லித் தர ஓர் இடமும் ஒரு நேரமும் வேண்டும் என்று எண்ணினோம். நேரத்தை எப்படியும் உண்டாக்கலாம், இடம்தான் கிடைக்கவில்லை. இதைச் சொன்ன அன்று மாலை மாமியார் தாமே முடிச்சை அவிழ்த்துச் சாவியை மேசைமேல் வைத்தார்.

அதே ஆண்டில் திருப்பதியில் மைத்துனரும் தம் வீட்டு ஷெட்டைத் திருத்த முனைந்தார். அவர் வயலின் கற்றுக்கொடுப்பவர். அவருடைய ஷெட் ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேய்ந்தது. ஆகவே ஓட்டுக் கூரை, தகட்டுக் கூரை ஆகிய இரண்டையும் பற்றி எங்களால் சொல்ல முடிகிறது.

கொத்தனாரை அழைக்குமுன் செய்ய வேண்டியவை மூன்று உள்ளன. முதலாவது, உரிமை. வாடகை வீடாயின் உரிமையாளரின் இசைவை எழுத்தில் பெற வேண்டும். வாய்ச்சொல் வீடு கைமாறும் நாளில் நிற்பதில்லை. சொந்த வீடாயினும், வண்டி நிறுத்தக் காட்டிய இடத்தை அறையாக்குவதற்கு அனுமதி வேண்டுமா என்று உள்ளூர் நகரமைப்பு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். சித்தூர், திருப்பதி இரண்டும் இன்று மாநகராட்சிகள். மனையின் ஓரத்தில் காலியாக விட வேண்டிய இடத்தைப் பற்றி அவற்றுக்கு விதிகள் உண்டு. பழைய ஷெட்டுகள் பல அந்த ஓரத்திலேயே நிற்கின்றன. செலவு செய்த பிறகு இதை அறிவது துன்பம்.

இரண்டாவது, உயரம். மனிதர் புழங்கும் அறைக்குத் தரைக்கும் கூரைக்கும் இடையே 2.75 மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்பது அடி, இருக்க வேண்டும் என்பது நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அளவு. தரையை உயர்த்தும்போது சில அங்குலம் போகும்; கூரையின் அடியில் தட்டி அமைக்கும்போது மேலும் சில அங்குலம் போகும். ஆகவே முதலிலேயே அளந்து, எதை எவ்வளவு செய்யலாம் என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஒரு மழையையும் ஒரு பகலையும் கவனிப்பது. மழை பெய்யும்போது நீர் எங்கிருந்து வந்து எங்கே தேங்குகிறது என்றும், வெயில் எந்தச் சுவரில் எத்தனை மணிவரை அடிக்கிறது என்றும் குறித்துக்கொண்டால், வேலையில் பாதி தெளிவாகிவிடும். இவ்விரு ஊர்களும் வடகிழக்குப் பருவ மழையை நம்பியவை. 2021 நவம்பரில் திருப்பதியின் தெருக்களில் வெள்ளம் பெருகி ஓடியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கோடையிலோ திருப்பதியில் வெயில் 40 பாகை செல்ஸியஸைத் தாண்டுவது வழக்கம். நீரும் நெருப்பும் தாக்குகிற இடத்தில் கட்டுகிறோம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இனிக் கூரையைப் பார்ப்போம். கொட்டகையின் வெப்பத்தில் பெரும்பகுதி கூரை வழியாகவே இறங்குகிறது. ஓட்டுக் கூரையாயின், ஓடுகளை இறக்கி, உடைந்தவற்றை நீக்கி, சட்டங்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். வெற்று ஓசை எழும் சட்டத்தில் கரையான் குடியிருக்கிறது என்று கொள்ளலாம். மறுபடி வேய்ந்த பின், அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கிற் பாய் அல்லது ஜிப்ஸம் பலகையால் தட்டி அமைக்க வேண்டும். அந்த இடைவெளியின் இரு முனைகளிலும் வலையிட்ட துளைகள் இருந்தால், சூடேறிய காற்று அவற்றின் வழியே வெளியேறும். துளை இல்லையேல் இடைவெளி ஓர் அடுப்பாகிவிடும். விலை மலிவு என்று தெர்மோகோல் அட்டையை ஒட்டுவோர் உண்டு. அது எளிதில் தீப்பற்றி நச்சுப் புகை விடும். மின்கம்பி ஓடும் கூரையின் கீழ் அதை வைக்கலாகாது.

ஆஸ்பெஸ்டாஸ் தகட்டுக் கூரையைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். தகடு முழுதாய், அசையாமல் இருக்கும்வரை அதனால் வரும் கேடு சிறிது. அதை அறுத்தாலும், துளையிட்டாலும், உடைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் காற்றில் கலக்கின்றன. அவற்றைச் சுவாசித்தால், பல பத்தாண்டுகள் கழித்தும் நுரையீரலில் புற்றுநோய் உண்டாகலாம். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வு அமைப்பின் முடிவு. ஆகவே மின்விசிறிக்குக் கொக்கி மாட்டவோ, விளக்குக்கு வழி செய்யவோ அந்தத் தகட்டில் துளை போடக்கூடாது. கூரையை மாற்ற முடிந்தால், தகடுகளை நீரால் நனைத்து, மறையாணிகளைக் கழற்றி, உடையாமல் முழுதாக இறக்க வேண்டும். வேலை செய்வோர் நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி அணிய வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கலாகாது. திருப்பதியில் கூலியாள் ஒருவர் சம்மட்டியை ஓங்கிக்கொண்டு வந்தபோது மைத்துனர் குறுக்கே நின்று தடுத்தார். ஒரு நாளில் முடியும் வேலை மூன்று நாளாயிற்று. அந்த இரண்டு நாளின் கூலி வீண் செலவன்று. காக்கப்பட்டவை அந்தக் கூலியாளின் நுரையீரலும், அங்கே வயலின் பயில வரும் பிள்ளைகளின் நுரையீரலும் ஆகும்.

எந்தக் கூரையாயினும், வெயில் படும் மேற்பரப்பு வெண்மையாக இருந்தால் உள்ளே சூடு குறையும். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்த நம் பாட்டனார் காலத்து வழக்கத்தை இன்று 'குளிர்கூரை' என்ற பெயரில் அரசுகளே ஊக்குவிக்கின்றன. தெலங்கானா அரசு 2023இல் இதற்கெனக் கொள்கை ஒன்றையே வெளியிட்டது. மேற்குச் சுவருக்கு நிழல் தருவதும் இதைப் போலவே பயன் தரும். ஒரு பந்தலும் அதன்மேல் அவரைக் கொடியும் போதும்.

அடுத்தது தரை. கார் ஷெட்டின் தரை மனிதருக்காகப் போடப்பட்டதன்று. கழுவிய நீர் ஓடுவதற்காக அது வாசலை நோக்கிச் சாய்ந்திருக்கும், முற்றத்தின் மட்டத்திலேயே இருக்கும், எண்ணெய் ஊறியிருக்கும். எண்ணெய் ஊறிய தரையின்மேல் புதிய சிமெண்டு ஒட்டாது. சில மாதத்தில் அப்பளம்போல் எழும்பிவிடும். சோப்புத்தூள் நீரால் பலமுறை தேய்த்துக் கழுவி, மேற்பரப்பைக் கொத்திவிட்ட பிறகே புதிய தளம் போட வேண்டும். காருக்கு அடியில் இறங்கி வேலை செய்யும் பள்ளம் இருந்தால், அதை ஒரே மூச்சில் மண் கொட்டி மூடலாகாது. அரை அடிக்கு ஒரு முறை நீர்விட்டுத் திமிசு போட்டு நிரப்ப வேண்டும். இல்லையேல் மேசை வைத்த இடம் ஒரு நாள் உள்வாங்கும். பின்பு கரையான் தடுப்பு மருந்து தெளித்து, அதன்மேல் கனத்த பாலிதீன் விரித்து, கான்கிரீட் தளம் போட வேண்டும். பாலிதீன், மண்ணின் ஈரம் மேலேறாமல் தடுக்கும். தாளும் புத்தகமும் துணியும் வைக்கும் அறைக்கு இது இன்றியமையாதது. புதிய தரை முற்றத்தைக் காட்டிலும் அரை அடியேனும் உயர்ந்திருக்க வேண்டும். மேலே பரப்ப, பக்கத்து மாவட்டத்துக் கடப்பைக் கல் மலிவாகக் கிடைக்கிறது. அது காலுக்குக் குளிர்ச்சி. கறுப்பாக இருப்பதால் வெளிச்சத்தைச் சிறிது விழுங்கும் என்பதே அதன் குறை. சுவருக்கு வெள்ளையடித்தால் அந்தக் குறை தீரும்.

இனிச் சொல்லப்போவது, நாங்கள் பிழை செய்து கற்ற பாடம். கார் நுழைந்த பெரிய வாசலை அடைத்துச் சுவரும் சன்னலும் சிறு கதவும் வைக்க வேண்டும் அல்லவா? மேஸ்திரி தெலுங்கர், தமிழ் நன்றாக அறிவார். எங்கள் தெலுங்கும் மோசமில்லை. 'வாசலை அடைத்துவிடுங்கள்' என்று இரண்டு மொழியிலும் சொன்னோம். இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னோம் என்பதில் எங்களுக்குச் சிறிது பெருமையும் இருந்தது. அவர் சொன்னபடியே செய்தார். இருந்த தரையின்மேலேயே செங்கல்லை அடுக்கி, நான்கே நாளில் வாசலை அடைத்தார்.

ஆனால் கார் ஷெட்டின் மூன்று சுவர்களுக்கு அடியில் அஸ்திவாரம் இருக்கும். வாசலுக்கு அடியில் இராது. சுவரே இல்லாத இடத்தில் அஸ்திவாரம் எதற்கு? ஐப்பசி மழையில் மண் இளகியது. புதிய சுவர் சிறிது இறங்கியது. பழைய சுவர்கள் அசையவில்லை. இரண்டும் சேரும் இடங்களில் முதலில் மயிரிழை போன்ற வெடிப்பு, கார்த்திகையில் ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவு ஆயிற்று. சுவரைப் பிரித்தோம். பிறகு தரையை வெட்டி, இரண்டு அடி ஆழம் தோண்டி, கெட்டி மண் கண்டு, அஸ்திவாரம் எழுப்பி, பழைய சுவரின் ஓரத்தில் ஒன்றுவிட்டு ஒரு வரிசைக் கல்லைக் கொத்தி எடுத்து, புதிய கற்களைப் பல்லோடு பல் பொருந்துவதுபோல் கோத்துக் கட்டினோம். ஒரு மாதமும், தையல் இயந்திரத்துக்கென வைத்திருந்த பணமும் போயின. மேஸ்திரியின் மேல் குற்றமில்லை. கேட்டதற்கு விடை தந்தார். கேட்க வேண்டியதை நாங்கள் கேட்கவில்லை. சொல்லை மட்டும் மொழிபெயர்த்தால் போதாது, வேலையையும் அறிந்திருக்க வேண்டும் என்பதை இருபது ஆண்டு அலுவலகம் கற்பிக்காமல் ஒரு செங்கற்சுவர் கற்பித்தது.

வாசலை அடைக்கும்போதே வெளிச்சத்தையும் காற்றையும் திட்டமிட வேண்டும். கதவு நீங்கலாக, சன்னல் முதலிய திறப்புகளின் பரப்பு, உலர்ந்த வெப்பமுள்ள இடங்களில் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும், ஈர வெப்பமுள்ள இடங்களில் ஆறில் ஒரு பங்குக்கும் குறையக்கூடாது என்பது விதித்தொகுப்பு தரும் அளவு. எங்கள் ஷெட் 180 சதுர அடி. ஆகவே குறைந்தது 18 சதுர அடி. 30 இருந்தால் நலம். ஐந்துக்கு நான்கு அளவுள்ள சன்னல் ஒன்றும், அதில் பாதி அளவுள்ளது ஒன்றும் வைத்தால் கணக்குச் சரியாகிறது. ஒன்று ஒரு சுவரிலும் மற்றது எதிர்ச் சுவரிலும் இருக்க வேண்டும். காற்றுக்கு நுழைவழி மட்டும் போதாது, போகும் வழியும் வேண்டும். பெரிய சன்னலை வடக்கே வைப்பது சிறப்பு. வடக்கு வெளிச்சம் கண்ணைக் கூசாது; காலை முதல் மாலை வரை பெரிதும் மாறாது. ஓவியர்கள் அதை விரும்புவது இதனால்தான். வலக்கையால் எழுதுபவர் சன்னல் தம் இடப்பக்கம் இருக்குமாறு மேசையைப் போட வேண்டும். அப்போது கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது.

மின்சாரத்தில் சிக்கனம் கூடாது. ஷெட்டில் ஏற்கெனவே தொங்கும் ஒற்றைக் கம்பியிலிருந்து இணைப்பு எடுத்து எல்லாவற்றையும் மாட்டுவதே பெரும்பாலோர் செய்வது. தீ விபத்துக்கு அதுவே வாயில். வீட்டின் முதன்மைப் பலகையிலிருந்து தனிக் கம்பி இழுத்து, அதற்கெனத் தனிச் சுவிட்சுக் காப்பு அமைக்க வேண்டும். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், சாதாரணச் சாக்கெட்டுக்கு 2.5, குளிர்சாதனம் வைப்பதாயின் 4 என்ற தடிமனில் செப்புக் கம்பி போடுவது வழக்கம். இவற்றோடு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் காப்புச் சாதனமும், ஒழுங்கான எர்த் இணைப்பும் கட்டாயம் வேண்டும். ஈரத் தரையும் இரும்புத் தையல் இயந்திரமும் உள்ள இடத்தில் இது உயிரைக் காக்கும் செலவு. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே இதைச் செய்விக்க வேண்டும். வீட்டில் தொழில் நடத்துவோர், மின்கட்டண வகை மாறுமா என்று மின்வாரிய அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

இசை பயில்வோருக்கும் ஒலிப்பதிவு செய்வோருக்கும் ஒரு செய்தி. ஓசையை வெளியே விடாமல் தடுப்பதும், உள்ளே எதிரொலிக்காமல் செய்வதும் இரண்டு வேறு காரியங்கள். முதலாவதற்குக் கனம் வேண்டும்: தடித்த சுவர், கெட்டிக் கதவு, இடுக்குகளில் ரப்பர்ப் பட்டை. இரண்டாவதற்கு மென்மை வேண்டும்: ஜமக்காளம், கனத்த திரை, புத்தக அலமாரி. சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டினால் அடுத்த வீட்டாருக்கு ஓசை கேட்காது என்று பலர் நம்புகின்றனர். அவை கனமும் அல்ல, போதிய மென்மையும் அல்ல. கரப்பான் பூச்சிக்கே பயன்படும். மைத்துனர் கதவு இடுக்கை அடைத்து, ஒரு சுவர் முழுதும் பழைய பருத்தி மெத்தையைத் தொங்கவிட்டார். பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டு வாரம் கழித்து, 'பிள்ளைகள் பாடத்தை நிறுத்திவிட்டார்களா?' என்று விசாரித்தாராம்.

செலவை ஒரே முறை செய்ய இயலாதவர், வரிசையையாவது மாற்றாதிருக்க வேண்டும். முதலில் கூரை, அடுத்து அஸ்திவாரமும் சுவரும், பிறகு தரை, பிறகு மின்சாரம், கடைசியில் வண்ணமும் மேசையும். பலர் மேசையில் தொடங்குகின்றனர். ஒழுகும் கூரையின் கீழ் தேக்கு மேசை வைப்பதில் என்ன பயன்?

எங்கள் அறை தைப்பூசத்துக்குச் சற்று முன்னர் முடிந்தது. வடக்கு சன்னலின் கீழ் எங்கள் எழுத்து மேசை. எதிர்ச் சன்னலருகே, கடனாக வாங்கிய பணத்தில் வந்த தையல் இயந்திரம். நடுவில் ஒரு பாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பாயில் எங்கள் பெண்ணும், தெருவில் உள்ள தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் ஐவரும் அமர்வார்கள். மாமியாரே ஆசிரியை. வேலூரில் எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. எழுத்து மட்டும் முத்துக்கோத்தாற்போல் இருக்கும். கார் நின்ற இடத்தின் நடுவே அவர் நாற்காலி. எங்கள் பெண் முதலில் கடைப் பெயர்ப் பலகையிலிருந்து தொடங்கினாள், பிறகு நாள்காட்டி, பிறகு பஞ்சாங்கம். ளகரமும் ழகரமும் அவளை நெடுநாள் வருத்தின.

சென்ற ஆவணியில் கும்பகோணத்தில் அவள் அப்பாயி காலமானார். காரியங்கள் முடிந்து திரும்பிய வாரம், ஒரு மாலையில் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் குரல் கேட்டது. பழைய கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று எங்களைக் கேட்கவில்லை. நாங்கள் கதவைத் தட்டவும் இல்லை. இன்னும் ஓர் ஆண்டு முன்னதாகக் கொட்டகையைத் திருத்தியிருந்தால் அவள் ஒரு பதிலும் எழுதியிருப்பாள் என்ற எண்ணம் மட்டும் இன்றளவும் எங்களை விட்டுப் போகவில்லை.

ஆகவே, பிற மாநிலங்களில் வாழும் அன்பர்களுக்கு எங்கள் விண்ணப்பம் இது. உங்கள் வீட்டு ஓரத்தில் இப்படியோர் இடம் பூட்டிக் கிடந்தால், இந்த வாரமே அதன் சாவியைத் தேடி எடுங்கள். அளவு நாடாவைக் கொண்டு நீள அகலத்தையும் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் வருமுன் கூரையைப் பாருங்கள். மேஸ்திரியிடம் பேசும்போது, வாசலின் கீழே என்ன இருக்கிறது என்று மறவாமல் கேளுங்கள்.